பின்சக்கரத்தின் கிறீச்சொலி: பிக்கப் வண்டி பிரேக்கின் நூறாண்டு

பாரம் சுமப்பதற்கென்றே செய்யப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதியைப் பாரமின்றியே ஓடிக் கழிக்கும் வண்டி பிக்கப். அதன் முன்பாதியில் இன்ஜினின் எடை எப்போதும் இருக்கிறது; பின்பாதியில் இருப்பதோ ஒரு திறந்த தொட்டி, அதில் இன்று ஒரு டன் சிமெண்ட் மூட்டை இருக்கலாம், நாளை ஒரு காலிக் கூடைகூட இல்லாமலிருக்கலாம். இவ்விரு நிலைகளுக்கும் ஒரே பிரேக்கைப் பொருத்த வேண்டியிருந்ததே பின்சக்கர பிரேக்கின் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது. ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் நூறாண்டாகக் குறைகூறிவரும் கிறீச்சொலி அந்த வரலாற்றில் காதுக்கு எட்டும் பகுதி. லைனிங் மட்டமானது, மாற்றினால் சரியாகிவிடும் என்பதே இவ்வொலிக்கு எக்காலத்திலும் முதலில் சொல்லப்பட்ட விளக்கம். மாற்றிய பின்னும் சில வாரங்களில் ஒலி திரும்பிவருவதை ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குக் கண்டிருக்கிறது. குற்றம் உரசும் பொருளில் மட்டுமன்று, அப்பொருளைத் தாங்கி நிற்கும் அமைப்பு முழுவதிலும் இருக்கிறது என்பதைப் பட்டறைகள் கைப்பழக்கத்தால் முதலில் அறிந்தன. ஆய்வுக்கூடங்கள் அதைக் கணக்கிட்டு நிறுவுவதற்கு 1960களும் 1970களும் வரவேண்டியிருந்தது.

பின்சக்கரத்தில் நெடுங்காலமாக இருந்துவருவது டிரம் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புச் சட்டியே டிரம். அதனுள், சுழலாமல் அச்சுக்கூட்டில் முடுக்கப்பட்ட ஒரு தகட்டின்மேல், பிறை வடிவில் இரண்டு இரும்பு ஷூக்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒவ்வொரு ஷூவின் வெளிவளைவிலும் உரசலுக்கென்று செய்த பொருள் ரிவெட் அடித்தோ ஒட்டியோ பொருத்தப்பட்டிருக்கும். அதன் பெயர் லைனிங், தமிழ்நாட்டுப் பட்டறைகளின் வழக்கில் லைனர். பெடலை மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. காலை எடுத்தால் சுருள்வில்கள் அவற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றன. அழுத்தும்போது லைனிங்கும் டிரம்மும் ஒன்றையொன்று அதிரவைத்து, அந்த அதிர்வு தானாகவே வளர்ந்து டிரம்மை மணிபோல் ஒலிக்கச் செய்வதே கிறீச்சொலி. பெரும்பாலும் நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்கு மேல் இருக்கும் இவ்வொலி, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 வரையிலான எல்லைக்குள் அடிக்கடி விழுந்துவிடுவதால், மிகச் சிறிய ஆற்றலே செலவானாலும் தெருமுனைவரை கேட்கிறது. பிரேக்கின் பிடிமானத்துக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. நன்றாகப் பிடிக்கும் பிரேக்தான் பலமுறை அதிகமாக அலறுகிறது.

தானியங்கி வண்டிகளுக்கு முந்தைய பிரேக் என்பது சக்கரத்தின் இரும்புப் பட்டையில் நெம்புகோலால் அழுத்தப்பட்ட மரக்கட்டைதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் கணவர் செய்த மூன்று சக்கர வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றபோது, இறக்கங்களில் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் இருந்த ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை ஆணியடித்துப் பொருத்தச் செய்தார். பிரேக் லைனிங் என்ற கருத்தின் தொடக்கமாக இது பலராலும் குறிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியிலும் குதிரைவண்டிக்காரர்கள் ஏறத்தாழ இதையே செய்துவந்தனர்: தேய்ந்த காலணியின் தோலைக் கட்டைமேல் அறைந்துகொண்டனர். இதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897 முதல் சோதனைகளில் இறங்கி, பிசின் ஊறிய பருத்தி நெசவைக் கொண்டு உரசற்பொருள் தயாரிக்கத் தொடங்கினார். தம் குடும்பப் பெயரின் எழுத்துகளோடு ஓர் எழுத்தைச் சேர்த்து மாற்றிப்போட்டு ஃபெரோடோ என்று அதற்குப் பெயரிட்டார். சாப்பல்-என்-லெ-ஃப்ரித் என்ற சிற்றூரில் தொழிற்சாலை அமைத்த அவர் நிறுவனம் இந்த வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வரும். தோலும் பருத்தியும் கருகிப்போகும் பொருள்கள். ஆனால் மென்மையானவை, அதிர்வை உட்கொள்பவை. ஒலியற்ற பிரேக்குக்கு மனிதர் முதலில் தேடிய வழி மென்மை என்பதை இங்கே நினைவிற்கொள்வது நல்லது, ஏனெனில் பிற்காலத்தில் வேகமும் எடையும் கூடக்கூட இழக்கப்பட்டது அந்த மென்மையே.

உலோகத்தோடு உலோகம் உரசினால் என்னாகும் என்பதற்கு மிகத் தொடக்ககாலச் சான்று பர்மிங்ஹாமைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டைச் செம்புத் தாடைகள் இருபுறமும் கவ்வும்படி அவர் அமைத்தார். கருத்து அரைநூற்றாண்டு முந்திய கருத்து, ஆனால் செம்பு தட்டில் உரசியபோது எழுந்த அலறலைத் தாங்க ஆளில்லை. 1907-இல் ஃப்ரூட் கல்நார் லைனிங்கைக் கொண்டுவந்த பிறகே அந்த அலறல் தணிந்தது. கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கப்படும் இழைக்கனிமம், ஆஸ்பெஸ்டாஸ் என்று பரவலாக அறியப்படுவது. நெருப்பில் எரியாது, நூலாக நூற்று நெய்ய முடியும், பித்தளைக் கம்பியோடு பின்னினால் உறுதியும் பெறும். அதே காலத்தில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட்டில் ஆர்தர் ரேமண்டும் ஆர்தர் லாவும் தொடங்கிய தொழிலும் நெய்த கல்நார் லைனிங்கையே செய்தது. ரேபெஸ்டாஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பிரான்சில் லூயி ரெனோ 1902-இல் உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்திருந்தார். டிரம்மும் கல்நாரும் ஒன்றுசேர்ந்த பின் ஏறக்குறைய எண்பதாண்டுகளுக்கு அந்தக் கூட்டணியை எதுவும் அசைக்கவில்லை.

பிக்கப் என்ற வண்டிவகை தொழிற்சாலையிலிருந்தே முழுமையாக வெளிவந்தது 1925-இல். அதற்கு முன் அமெரிக்க விவசாயிகள் ஃபோர்டு மாடல் டி காரை வாங்கி, பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு மரப்பெட்டி கட்டிக்கொண்டார்கள். இப்பழக்கத்தைக் கண்ட ஃபோர்டு நிறுவனம், இரும்புத் தொட்டியும் திறந்து மூடும் பின்கதவும் கொண்ட மாடல் டி ரன்அபவுட் வண்டியை 281 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முன்சக்கரங்களுக்கு பிரேக்கே இல்லை. காலால் மிதிக்கும் பிரேக் கியர்பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய ஒரு பட்டையை இறுக்கி, அதன் வழியே பின்சக்கரங்களை நிறுத்தியது. கையால் இழுக்கும் நெம்புகோல் பின்சக்கர டிரம்களுக்குள் இருந்த ஷூக்களை விரித்தது. நெடுங்காலம் அந்த ஷூக்கள் லைனிங் ஏதுமற்ற வெறும் வார்ப்பிரும்பாகவே இருந்தன. இரும்பு டிரம்மில் இரும்பு ஷூ உரசும் ஓசையை மாடல் டி வைத்திருந்தவர்கள் வண்டியின் இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1926-ஆம் ஆண்டு மாதிரிகளில்தான் டிரம் பெரிதாகி, ஷூக்களுக்கு லைனிங் வந்தது. ஆக, பிக்கப் பிறந்தபோது பிரேக் என்றாலே பின்சக்கர பிரேக்தான். முன்சக்கரத்துக்கு அது பிற்பாடு பரவி, பின் முன்சக்கரமே தலைமை ஏற்று, பின்சக்கரம் துணைநிலைக்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் கிறீச்சொலியின் பிற்காலக் கதை.

அதற்கிடையில் பிரேக்கின் பிடிப்பைப் பெருக்கிய ஒரு மாற்றம் அதன் குரலையும் பெருக்கியது. பிரான்சின் ஆன்ரி பெரோ வகுத்த முறைகளின் உரிமத்தைப் பெற்ற வின்சென்ட் பெண்டிக்ஸ், 1920களின் நடுவில் அமெரிக்காவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் டியூவோ-சர்வோ எனப்பட்ட அமைப்பு அவர் பெயரோடு சேர்ந்தே பரவியது. சுழலும் டிரம்மின் போக்கிலேயே அழுத்தப்படும் ஷூவை டிரம் தன்னோடு இழுத்துச் செல்ல முயல்கிறது. அந்த இழுப்பே ஷூவை இன்னும் இறுக்கமாக டிரம்மில் ஆப்புபோல் அறைகிறது. இவ்வாறு பிரேக் தன் பலத்தைத் தானே பெருக்கிக்கொள்வதுதான் சர்வோ விளைவு. டியூவோ-சர்வோவில் இரண்டு ஷூக்களின் கீழ்முனைகளும் எந்த ஆணியிலும் கட்டப்படாமல் ஒரு சிறு இணைப்பால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால், முன்புற ஷூ பெற்ற பலம் முழுவதும் பின்புற ஷூவின்மேல் ஏறுகிறது. வெற்றிடத்தாலோ காற்றழுத்தத்தாலோ கிடைக்கும் உதவி இல்லாத காலத்தில், வெறும் கால்பலத்தால் ஒரு பாரவண்டியை நிறுத்த இதைவிடச் சிறந்த வழி இருக்கவில்லை. மால்கம் லாக்ஹீடின் திரவ அழுத்த முறை 1921-இல் டூசன்பர்க் காரிலும், 1924-இல் கிரைஸ்லரிலும், 1936-இல் செவ்ரோலே பாரவண்டிகளிலும், 1939-இல் ஃபோர்டிலும் வந்தபோது, நான்கு சக்கரங்களுக்கும் சமமாக அழுத்தம் போகும் வசதி கிடைத்தது. ஆனால் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பில் உரசலின் சிறிய ஏற்றத்தாழ்வும் பெரிதாக்கப்படுகிறது. பலத்தைப் பெருக்கும் அதே இயல்பு அதிர்வையும் பெருக்குகிறது. கிறீச்சொலி வண்டித்தொழிலின் பொதுப் புகாராக வளர்ந்ததும், பிரிட்டனின் மோட்டார் பொறியாளர் கழகம் 1930களில் அதைத் தனி ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆய்வறிக்கைகள் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் உண்மையான மருத்துவம் நடந்த இடம் பட்டறை. பின்சக்கர டிரம்மைக் கழற்றும்போது முதலில் கொட்டுவது மாவுபோன்ற கருந்தூள். லைனிங் தேய்ந்த துகளும் டிரம்மின் இரும்புத் துகளும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியவை. தூளைத் துடைத்தபின் தெரியும் லைனிங்கின் முகம் பல வண்டிகளில் கரும்பலகைபோல் மங்கலாக இராமல், கண்ணாடிபோல் பளபளக்கும்; லைனிங்கை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் மேலேறி இறுகியதால் வந்த மெருகு அது. உப்புத்தாளால் அந்த மெருகைத் தேய்த்தெடுத்தால் ஒலி நிற்கிறது, சிலகாலம். அடுத்ததாக அனுபவம் மிக்க மெக்கானிக் பார்ப்பது லைனிங்கை அன்று, ஷூவுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை. அதில் ஒவ்வொரு ஷூவுக்கும் மூன்றாகச் சற்றே மேடான இடங்கள் உண்டு. ஷூவின் விளிம்பு அவற்றின்மேல்தான் வழுக்கி நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் உரசி அந்த மேடுகளில் பள்ளம் விழுந்து, பூசியிருந்த கிரீஸும் காய்ந்துபோனால், ஷூ சீராக நகராமல் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது. மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, சூட்டில் உருகி ஓடாத கிரீஸை மெல்லியதாகத் தடவினால், லைனிங்கைத் தொடாமலேயே பல வண்டிகளின் ஒலி அடங்கிவிடுகிறது. மாட்டுவண்டியின் அச்சில் மை போட்டு அதன் அழுகையை நிறுத்தியவர்களுக்கு இது புதிய அறிவன்று. ஆனால் ஒரு எச்சரிக்கை புதிது, ஏனெனில் இங்கே தடவுவது ஒரு விரல்நுனி மிகுந்து லைனிங்கில் பட்டுவிட்டால் பிரேக்கே இல்லாமல் போய்விடும்.

இன்னும் சில நுட்பங்களும் அந்தப் பட்டறைகளுக்குத் தெரிந்திருந்தன. லைனிங்கின் இரு முனைகளும் டிரம்மைக் கூர்மையாகச் சந்திக்காதபடி அரத்தால் சரிவாக ராவிவிடுவது ஒன்று. டியூவோ-சர்வோ அமைப்பில் முன்புற ஷூவின் லைனிங் குட்டையாகவும் பின்புற ஷூவினது நீளமாகவும் இருக்கும். அவசரத்தில் இவை இடம்மாறிப் பூட்டப்பட்டால் பிரேக் திடீரென்று கவ்வுவதும் அலறுவதும் நிச்சயம் என்பது இன்னொன்று. லேத்தில் டிரம்மைக் கடையும்போது கருவி வேகமாக நகர்ந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத மரைபோன்ற கோடுகள் உட்சுவரில் விழுகின்றன. பிரேக் பிடிக்கும்போது ஷூ அந்த மரையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஏறி, எல்லை தாண்டியதும் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால்தான் கடைசற்காரர்கள் இறுதிச் சீவலை மிக மெதுவாக எடுத்தார்கள். கடையும்போது டிரம் அதிராமலிருக்க அதன் வெளிச்சுற்றில் ரப்பர் பட்டையும் கட்டினார்கள். இதே தந்திரத்தை அமெரிக்க நிறுவனங்கள் ஓடும் வண்டிக்கே கொண்டுபோயின: சில டிரம்களின் வெளிவிளிம்பைச் சுற்றி நீண்ட சுருள்வில் ஒன்று இழுத்து மாட்டப்பட்டிருந்தது. அது எதையும் இறுக்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. ஒலிக்கும் மணியின்மேல் கைவைத்தால் ஓசை அடங்குவதுபோல் டிரம்மின் ஓசையை அடக்குவது மட்டுமே அதன் வேலை. பிற்காலத்தில் டிரம் மாற்றியவர்கள் பயனற்றதென்று எண்ணி அந்த வில்லைத் தூக்கியெறிந்துவிட்டு, புதிய லைனிங்கைக் குறைசொன்ன நிகழ்வுகள் ஏராளம்.

கோட்பாட்டுக்கு இந்த இடத்தை அடைய நாள் பிடித்தது. 1930களின் பிரிட்டிஷ் ஆய்வுகள், குறிப்பாக 1938-இல் மில்ஸ் என்பவர் எழுதிய அறிக்கை, ஒலிக்கான காரணத்தை உரசலின் இயல்பிலேயே தேடின. இரு பரப்புகள் மெதுவாக நகரும்போது பிடிப்பு அதிகமாகவும் வேகம் கூடும்போது குறைவாகவும் இருந்தால், அவை ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதுமாக மாறி மாறி நகரும். வயலின் நரம்பை வில் ஒலிக்கவைப்பது இவ்வாறுதான். பிரேக்கும் அப்படியே ஒலிக்கிறது என்று கொண்டால், வேகத்தால் பிடிப்பு மாறாத ஒரு லைனிங்கைச் செய்துவிட்டால் போதும், சிக்கல் தீர்ந்துவிடும். பட்டறை அனுபவம் அதை மறுத்தது: ஒரே லைனிங் ஒரு வண்டியில் மௌனமாகவும் அடுத்த வண்டியில் அலறிக்கொண்டும் இருந்தது, ஏன், ஒரே வண்டியின் இடச்சக்கரத்தில் ஒலித்து வலச்சக்கரத்தில் ஒலிக்காமலும் இருந்தது.

இந்தப் புதிருக்கு முதல் நல்ல விடை 1961-இல் ஃபெரோடோவின் ஆய்வாளர் ஸ்பர்ரிடமிருந்து வந்தது. காலணித் தோலைக் கண்டு ஃப்ரூட் தொடங்கிய அதே நிறுவனத்திலிருந்து, அறுபதாண்டுகள் கழித்து, குற்றம் லைனிங்கில் மட்டுமில்லை என்ற கருத்து வந்தது குறிப்பிடத்தக்கது. லைனிங் விற்கும் நிறுவனத்துக்கு அது வசதியான முடிவும்கூட என்று சிலர் எண்ணலாம், ஆனால் பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. ஸ்பர் சொன்னதைக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கட்டியைச் சாய்த்து, சாய்ந்த பக்கமாகவே இழுத்தால் அது அமைதியாக எழுதுகிறது. அதே கட்டியைச் சாய்வுக்கு எதிராகத் தள்ளினால், முனை பலகையில் ஊன்றி, வளைந்து, தாங்காமல் விடுபட்டு, மீண்டும் ஊன்றிக் கிறீச்சிடுகிறது. இரண்டிலும் சுண்ணாம்பு ஒன்றே, பலகை ஒன்றே, உரசலின் அளவும் ஒன்றே. மாறியது கோணம் மட்டும். ஷூ டிரம்மைச் சந்திக்கும் கோணமும் அது எங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்பதுமே ஒலியைத் தீர்மானிக்கின்றன என்றால், மெக்கானிக் லைனிங்கின் முனையை ராவியதும், தகட்டின் மேடுகளைச் சமப்படுத்தியதும் ஏன் பலித்தன என்பது தெளிவாகிறது. 1972-இல் பிரிட்டனின் மோட்டார் தொழில் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த நார்த் இன்னொரு படி மேலே சென்றார். ஒவ்வொரு பாகத்துக்கும் தனக்கென்று இயல்பான அதிர்வுகள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழ ஒரே சுருதியில் உள்ள இரண்டை உரசல் ஒன்றாகப் பிணைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றுக்கு ஆற்றலை ஊட்டி அதிர்வு வளர்ந்துகொண்டே போகும், உரசல் எவ்வேகத்திலும் மாறாமலிருந்தாலும்கூட. டிஸ்க் பிரேக்குக்கென்று அவர் போட்ட இந்தக் கணக்கு டிரம்மின் அலறலையும் விளக்கும். டிரம்மைப் பலமுறை கடைந்து மெலிதாக்கினால் அதன் சுருதி மாறி, அதுவரை இல்லாத ஒலி புதிதாக எழலாம். சுருள்வில்லைக் கழற்றினாலும் அப்படியே.

லைனிங்கை மாற்றவேண்டிய கட்டாயம் இதற்கிடையே ஒலியோடு தொடர்பற்ற ஒரு திசையிலிருந்து வந்தது, அது துயரமான திசை. கல்நாரின் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால் நீக்க முடியாத வடுக்களும், பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றும் உண்டாகின்றன. டிரம்மைத் திறந்து காற்றுக்குழாயால் தூளை ஊதித் தள்ளுவது கிறீச்சொலிக்கு உலகெங்கும் செய்யப்பட்ட முதலுதவி. ஊதியவரே அதை முதலில் சுவாசித்தார். லைனிங்கின் வளைவை அந்தந்த டிரம்மின் வளைவுக்குப் பொருந்தத் தேய்த்துத் தரும் சிறு இயந்திரங்கள் அமெரிக்கப் பட்டறைகளில் பரவலாக இருந்தன. ஷூவின் இரு முனைகள் மட்டும் டிரம்மில் பட்டு அலறாதபடி முழுப்பரப்பும் படியச் செய்தவை அவை. கல்நார்த் தூளைக் கிளப்பிய காரணத்தால் அவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. உயிர்காக்க அது தேவையாயிருந்தது, ஆனால் ஒலியைத் தடுத்த ஒரு கைவினையும் அவற்றோடு போயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் கல்நாருக்கு விதித்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் நீக்கியது. பிரிட்டன் 1999-இல் முழுமையாகத் தடைசெய்தது. வெண்கல்நாருக்கு அமெரிக்கத் தடை 2024-இல்தான் வந்தது. கல்நாரின் இடத்தில் வந்த இரும்பு இழைக் கலவைகள் சூட்டைத் தாங்கின, ஆனால் கடினமானவை, டிரம்மையும் தட்டையும் அரித்தன, ஒலித்தன. 1980களில் ஜப்பானின் அகெபோனோ நிறுவனம் முன்னெடுத்த பீங்கான் கலவை அந்த ஒலியைக் குறைக்கப் பயன்பட்டது. தோலில் தொடங்கிய மென்மை, ஒரு நூற்றாண்டின் சுற்றுக்குப் பின், வேறு பொருள்களில் தேடப்பட்டது.

முன்சக்கரத்தின் ஏற்றமும் இதே பத்தாண்டுகளில் நிகழ்ந்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. காலித் தொட்டியோடு ஓடும் பிக்கப்பில் பின்சக்கரங்கள் அப்போது தரையை மிக இலேசாகவே தொடுகின்றன. அந்நிலையில் பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசும். செவ்ரோலே தன் இலகு பாரவண்டிகளின் முன்சக்கரங்களில் 1971-இல் டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்தது. பின்சக்கரத்தில் டிரம் தங்கிவிட்டது, விலை குறைவு என்பதற்காகவும், கைபிரேக்கை அதிலேயே எளிதாக இணைக்க முடியும் என்பதற்காகவும். பின்சக்கரம் பூட்டுவதைத் தடுக்க ஜப்பானிய பிக்கப்கள் ஒரு எளிய கருவியைக் கையாண்டன: வண்டிச் சட்டத்தில் ஒரு வால்வு, அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நெம்புகோல். பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் நெம்புகோல் வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தை மிகுக்கும். பாரம் இறங்கினால் குறைக்கும். ஃபோர்டு தன் எஃப் வரிசைப் பிக்கப்களுக்கு 1987-இல் பின்சக்கரங்களுக்கு மட்டுமான பூட்டுத்தடுப்பு முறையைக் கொடுத்தது. இவை உயிர்காத்த ஏற்பாடுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் விளைவாக, பாரமின்றி ஓடும் நாள்களில் பின் பிரேக்குக்குக் கிடைப்பது சிறு வருடல் மட்டுமே. லைனிங் தன் மேற்பரப்பைத் தானே சீவிப் புதுப்பித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடும் அழுத்தமும் பெறுவதில்லை. மெருகு ஏறுகிறது, தூள் தங்குகிறது, ஈரமான இரவில் டிரம்மின் உட்சுவரில் துரு படிகிறது. குறைந்த வேகமும் இலேசான அழுத்தமும் சேரும் தருணங்களில்தான் கிறீச்சொலி எளிதில் எழுகிறது, காலையில் முதல் சந்திப்பில் வண்டி நிற்கும் தருணம் அத்தகையது. அதே வண்டி முழுப் பாரத்தோடு மலைச்சாலையில் இறங்கித் திரும்பியபின் சில நாள்கள் சத்தமின்றி இருப்பதை ஓட்டுநர்கள் கவனித்திருப்பதற்குக் காரணமும் இதுவே.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. 1962-இல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் கெர்லிங் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று லைனிங் தொழிலும் சென்னையில் வேர்விட்டது. 2005-இல் வந்து, குட்டி யானை என்று ஊரெல்லாம் பெயர்பெற்ற டாடா ஏஸ் போன்ற சிறு பாரவண்டிகள், முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்முமாக, அமெரிக்க பிக்கப் ஐம்பதாண்டில் அடைந்த அதே அமைப்பில்தான் இங்கு வந்துசேர்ந்தன. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது: இங்கே வண்டி காலியாக ஓடுவது திரும்பும் வழியில்தான், போகும் வழியில் அது பெரும்பாலும் நிறைந்தே போகிறது. ஆதலால் இங்கு டிரம்மில் தெரிவது மெருகைவிடத் தேய்மானமாகவே அதிகம். லைனிங் முழுதும் தேய்ந்து ரிவெட் தலை டிரம்மைக் கீறும்போது எழும் ஒலி கிறீச்சொலியன்று, அது கரகரப்பு, வண்டியை உடனே நிறுத்திப் பார்க்கவேண்டிய ஒலி. இரண்டையும் காதால் பிரித்தறியாமல் ஓடும் வண்டிகளை நினைத்தால் கவலை எழாமலிருப்பதில்லை.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கைக் கொடுத்துவிட்டால் வரலாறு முடிந்துவிடும் என்ற எண்ணம் 1990களின் இறுதியில் வலுவாக இருந்தது. செவ்ரோலே சில்வராடோ 1999-இல் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்கோடு வந்தது. 2005-இல் அதன் இலகுவகை மீண்டும் பின்சக்கர டிரம்முக்குத் திரும்பியது. டொயோட்டா டகோமா மூன்று தலைமுறைகளாக, 2023 மாதிரி வரை, டிரம்மை விடவில்லை. மின்வண்டிகளில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைத்துவிடுவதால், பின்சக்கர பிரேக்கின் வேலை இன்னும் சுருங்கிவிட்டது. திறந்து கிடக்கும் டிஸ்க் அவ்வோய்வில் துருப்பிடித்துப்போகிறது என்பதால், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஐடி.3, ஐடி.4 மின்கார்களின் பின்சக்கரங்களுக்கு டிரம்மையே தேர்ந்தெடுத்தது. இதோடு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள், பிரேக்கிலிருந்து காற்றில் கலக்கும் நுண்தூளுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தன: இன்ஜின் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்கார்களுக்கு 3 மில்லிகிராம். லைனிங்கிலிருந்து உதிரும் தூளைக் காற்றில் விடாமல் தனக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வது டிரம்தான். டிரம்மைக் கழற்றிய பட்டறைக்காரர்கள் கிறீச்சொலிக்குக் காரணமென்று நூறாண்டாகத் துடைத்தெறிந்துவந்த அதே கருந்தூள், இப்போது அது வெளியே வராததற்காகவே டிரம்மின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.